காய்ச்சல் உள்ளவர்கள்

அன்று காலை முழுவதும் ஹேமமாலினிக்குக் காய்ச்சல் வந்து போனதைப் பற்றித்தான் பேச்சு. போன வாரம் பாதியில் விடுப்பில் போனவள், திங்கட்கிழமை திரும்பியிருந்தாள். கன்னம் ஒடுங்கி, உதடு காய்ந்து, குரல் கம்மிப்போய் இருந்தது. கண்ணில் மட்டும் ஒரு நிறைவு.

"நல்ல காய்ச்சலா மேடம்?" என்று கேட்டாள் சுகந்தி.

"நல்ல காய்ச்சல்தான். பல்லெல்லாம் தந்தியடிச்சுது. வீட்டுக்காரர் மிளகு ரசம் வெச்சுக் குடுத்தார். படுத்துக்கிட்டே குடிச்சேன்."

படுத்துக்கிட்டே என்பதை சுகந்தி மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

மேசையின் இந்தப் பக்கம் சுகந்தி, அந்தப் பக்கம் ஹேமமாலினி. இருவருக்கும் ஒரே வேலை. மின்வண்டிகளின் பேட்டரிப் பெட்டிக்குள் செம்புத் தகடுகளைப் பொருத்தி மூடுவது. ஹேமமாலினி போட்டிருந்தது நீலக் கோட்டு, அதாவது நிரந்தரம். சுகந்தி போட்டிருந்தது சாம்பல் நிறக் கோட்டு, அதாவது காண்டிராக்ட். நீலக் கோட்டுக்காரர்களுக்கு மருத்துவ விடுப்பு இருந்தது, ஆகவே அவர்களுக்குக் காய்ச்சல் வந்தது. சாம்பல் கோட்டுக்காரர்களுக்கு விடுப்பு இல்லை. ஆகவே மாதம் ஒருமுறை ஊசி.

கம்பெனியின் பலகையில் அதற்கு 'நோய் ஒத்திவைப்புத் திட்டம்' என்று பெயர். தொழிலாளிகள் தள்ளு ஊசி என்பார்கள். வேலையில் சேர்ந்த அன்று, மருத்துவ அறையில் நர்ஸ் ரோஸ்லின்தான் சுகந்திக்கு அதை விளக்கியிருந்தாள்.

"இது எதையும் குணமாக்காதும்மா. கிருமி உள்ள வந்துச்சுன்னா அதைத் தூங்க வெச்சுடும். அதுகூடச் சண்டை போடுற உடம்பையும் சேர்த்துத் தூங்க வெச்சுடும். வலி, காய்ச்சல், இருமல் ஒண்ணும் தெரியாது."

"எப்ப எழுந்துக்கும்?"

"ஊசியை நிறுத்தினா."

"எல்லாமேவா?"

ரோஸ்லின் பஞ்சைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, "வரிசையா வரும்னு நெனைக்காதே," என்றாள்.

காண்டிராக்டர்கள் ஆண்டுக்கு ஒருமுறை எல்லோருடைய பெயரையும் அடித்துவிட்டு, ஒரு வாரம் கழித்து மறுபடி சேர்ப்பார்கள். தொடர்ந்து வேலை செய்தேன் என்று யாரும் உரிமை கோரிவிடக் கூடாது என்பதற்காக வந்த வழக்கம் அது. பிரேக் என்று அதற்குப் பெயர். அந்த வாரத்தில் ஊசி கிடையாது, போன மாத ஊசியின் வேகமும் அதற்குள் இறங்கிவிடும். செய்யாறு, வந்தவாசி பக்கம் போகும் பேருந்துகளில் பழமும் பலகாரமும் கொண்டு போகிறவர்களுக்கு நடுவில், கசாயப் பொட்டலமும் ஈரத்துணியும் எடுத்துக்கொண்டு, காய்ச்சலில் விழுவதற்காக ஊருக்குப் போகிறவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஆண்டு முழுவதும் சேர்ந்ததை ஒரு வாரத்தில் இருமித் தீர்த்துவிட்டு, புது ஆளாகத் திரும்புவார்கள்.

நாளாக நாளாக ஊரும் அதற்கு ஏற்ப மாறிக்கொண்டது. பெண் கேட்டு வரும் தரகர்கள், "பையனுக்குக் காய்ச்சல் உண்டு," என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார்கள். பேருந்தில் யாராவது தும்மினால் பக்கத்தில் இருப்பவர் மரியாதையாக நகர்ந்து இடம் விட்டார். தொழிற்பேட்டை இளைஞர்கள் கல்யாண வீட்டுக்குப் போகும்போது சென்ட்டுக்குப் பதில் தைலம் தடவிக்கொண்டார்கள்.

சுகந்தியின் கணவன் ஏழுமலை ஷேர் ஆட்டோ ஓட்டினான். சொந்தத் தொழில் என்பதால் அவனுக்குக் காய்ச்சல் வரத் தடையில்லை. வந்தால் அன்றைக்கு அடுப்பு எரியாது, அவ்வளவுதான். அவனுடைய கஷ்டம் வேறு. இடது கண்ணில் பார்வை ஓரத்திலிருந்து மங்கிக்கொண்டே வந்தது. நரம்பு சம்பந்தப்பட்டது, தொடர்ந்து சிகிச்சை எடுக்க வேண்டும், விட்டால் வலது கண்ணுக்கும் போகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நீலக் கோட்டுக்காரர்களின் வீட்டாருக்கு அந்தச் சிகிச்சையைக் கம்பெனியே பார்த்துக்கொள்ளும்.

அதனால்தான், காண்டிராக்ட் ஆட்களிலிருந்தும் சிலரை நிரந்தரமாக்குவோம் என்று கம்பெனி அறிவித்தபோது சுகந்திக்குத் தூக்கம் போயிற்று. ஒரே ஒரு தகுதிதான் கேட்டார்கள். இரண்டு ஆண்டு, பிரேக் இல்லாத வேலை. எந்தக் காண்டிராக்டரும் பிரேக் இல்லாமல் வைத்திருக்க மாட்டார். ஆனால் ஒருவரிடம் பெயர் நீக்கப்படும் நாளிலேயே இன்னொருவரிடம் பெயர் கொடுத்துவிட்டால்?

அந்த யோசனை வளர்மதியுடையது. சுகந்திக்கு அடுத்த மேசை அவளுக்கு. வந்தவாசிக்காரி, எதையும் சிரித்துக்கொண்டே சொல்கிறவள்.

"ரெண்டு வருசம் காய்ச்சல் வராம இருந்தா, அப்பறம் ஆயுசுக்கும் காய்ச்சல். யாருக்குக் கசக்கும்?"

இருவரும் சேர்ந்தே காண்டிராக்டர் மாறினார்கள். மற்றவர்கள் ஊருக்குப் போய்ப் படுத்து எழுந்து வந்தார்கள். இவர்கள் வேலை செய்தார்கள். மாதாமாதம் ஊசி போடுவதற்கு முன் ரோஸ்லின் அவர்கள் புஜத்தில் ஒரு கருவியை வைத்துப் பார்ப்பாள். உள்ளே தூங்குவது எவ்வளவு என்று அது நிறத்தில் காட்டும். மற்றவர்களுக்கு மஞ்சளைத் தாண்டாது. இவர்களுக்குச் சிவந்துகொண்டே போனது.

"போதும்டி ரெண்டு பேரும்," என்பாள் ரோஸ்லின்.

"கொஞ்ச நாள்தானே சிஸ்டர்," என்பாள் வளர்மதி.

இரண்டாம் முறை மாறியபோது சுகந்தியின் பெயர் புதிய காண்டிராக்டரிடம் அன்றே ஏறிவிட்டது. வளர்மதியின் பெயர் ஏதோ காரணத்தால் ஏறவில்லை. வாசலில் அவளுடைய அட்டைக்குக் கதவு திறக்கவில்லை. அன்றுதான் அவளுக்கு அந்த மாத ஊசி நாள்; கதவு திறக்காதவளுக்கு மருத்துவ அறையும் இல்லை, ஊசியும் இல்லை. திங்கட்கிழமை சரியாகிவிடும் என்று சொன்னார்கள். அவள் ஊருக்குப் போய்க் காத்திருந்தாள்.

திங்கட்கிழமை சரியாகத்தான் ஆயிற்று. பெயர் ஏறியது. அதற்கு முந்தைய நாளே வளர்மதி இறந்துபோயிருந்தாள்.

சுகந்தி போனபோது கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். கையைத் தொட்டவள் சட்டென்று எடுத்துக்கொண்டாள். இன்னும் சூடு இருந்தது.

"இது நாம பாத்த காய்ச்சல் மாதிரி இல்லம்மா," என்றாள் வளர்மதியின் தாய். "ஒண்ணு எறங்குறதுக்குள்ள இன்னொண்ணு ஏறுது. எந்தக் காய்ச்சலுக்கு மருந்து குடுக்கறதுன்னு டாக்டருக்கே தெரியல. கடைசியில, என்னை வேலைக்கு அனுப்பிடு, அங்க போனா சரியாயிடும்னு கெஞ்சிச்சு."

இழப்பீடு கேட்டபோது பழைய காண்டிராக்டர், அவள் பெயர் வெள்ளிக்கிழமையே நீக்கப்பட்டுவிட்டது என்றார். புதியவர், அவள் பெயர் திங்கட்கிழமைதான் ஏறியது என்றார். இரண்டும் உண்மை. செத்த அன்று வளர்மதி யாருடைய தொழிலாளியும் இல்லை. கம்பெனியிலிருந்து ஒரு மாலை மட்டும் வந்தது. யார் அனுப்பியது என்று அதில் எழுதவில்லை. எழுதினால் பொறுப்பாகிவிடும்.

அடுத்த மாதம் சுகந்தியை மனிதவளத் துறையில் கூப்பிட்டார்கள்.

அங்கே பிரசன்னா என்ற அதிகாரி இருந்தார். வயது முப்பத்தைந்து இருக்கும். மடிப்புக் கலையாத சட்டை. பேச்சுக்கு நடுவில் அடிக்கடி கைக்குட்டையை வாயில் வைத்து மெல்ல இருமிக்கொண்டார். அறைக்கு வெளியே நின்றவர்கள் அந்த இருமலைக் கேட்டே குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

"வாழ்த்துகள்மா. நிரந்தரப் பட்டியல்ல உங்க பேரு வந்திருக்கு."

சுகந்தி இரண்டு கையையும் கூப்பினாள். 

"ஒரு சின்ன விஷயம்," என்றார் பிரசன்னா. "நிரந்தரம் ஆனவங்களுக்கு ஊசி கிடையாது. நிறுத்தினா, உள்ள இருக்கறதெல்லாம் வெளிய வரும். அது எங்க பொறுப்புல வர முடியாது, பாருங்க. அதெல்லாம் நீங்க காண்டிராக்ட்ல இருந்தப்ப சேர்ந்த நோய்."

"அந்த நோய் இப்பவும் எங்கிட்டதானே சார் இருக்கு?"

"இருக்கு. ஆனா பழசு. உள்ள ஒண்ணும் இல்லாம, சுத்தமான உடம்போட வந்து கையெழுத்துப் போட்டீங்கன்னா அன்னைக்கே நீலக் கோட்டு."

"சுத்தம் பண்ணணும்னா ஊசியை நிறுத்தணும். ஊசியை நிறுத்தணும்னா வேலையை விட்டு நிக்கணும்."

"ஆமா."

"வேலையை விட்டு நின்னா அது பிரேக்."

"ஆமா," என்றார் பிரசன்னா. "பிரேக் விழுந்தா பட்டியல்ல பேரு இருக்காது."

"அப்போ யாருதான் சார் நிரந்தரம் ஆகுறது?"

"தகுதி இருக்கறவங்க."

"இதுவரைக்கும் யாராவது ஆயிருக்காங்களா?"

"திட்டம் இப்பதானேம்மா வந்திருக்கு." அவர் கைக்குட்டைக்குள் இருமினார். "அவசரம் இல்லை. இப்படியே ஊசியைத் தொடர்ந்துக்கிட்டே இருங்க. உங்க பேரும் பட்டியல்ல இருந்துக்கிட்டே இருக்கும்."

சாயங்காலம் ஆட்டோவில் முன்சீட்டில் ஏழுமலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சுகந்தி எல்லாவற்றையும் சொன்னாள். அவன் வண்டியை ஓரமாக நிறுத்தினான்.

"இன்னா பண்ணப்போற?"

"ஊசியைத் தொடர்ந்து போட்டுக்கினே இருந்தா ஒண்ணும் ஆவாது மாமா. என்னைக்காவது சட்டத்தை மாத்துவாங்க. உன் கண்ணு..."

"என் கண்ணை விடு. இன்னொரு தபா அட்டை வேலை செய்யலன்னா?"

அவள் கழுத்தில் தொங்கிய அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டாள்.

"எனக்கு ஒரு கண்ணு பாதி தெரியுது, ஒண்ணு நல்லாத் தெரியுது," என்றான் ஏழுமலை. "அத வெச்சுக்கினு உன் பொணத்த என்னால பாக்க முடியாது. நின்னுடு."

அவள் அப்போது அழவில்லை. வளர்மதி செத்ததற்கும் அழவில்லை. தொண்டையில் ஏதோ ஒன்று வந்து வந்து தூங்கிப்போனது.

மறுநாள் மருத்துவ அறைக்குப் போய் ரோஸ்லினிடம் சொன்னாள். ரோஸ்லின் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"ஒரேயடியா நிறுத்தினா நீயும் வளர்மதி மாதிரிதான். கொஞ்சம் கொஞ்சமா குறைக்கணும். வந்தவாசி ரோட்டுல மூடிக் கெடக்குற கல்யாண மண்டபம் தெரியுமா? நம்ம ஆளுங்க வாடகைக்கு எடுத்து வெச்சிருக்காங்க. அங்க போய்ப் படு. ஞாயித்துக்கிழமை நான் வருவேன்."

"நீங்க எப்படி சிஸ்டர் வருவீங்க? கம்பெனிக்குத் தெரிஞ்சா?"

ரோஸ்லின் தன் வெள்ளைக் கோட்டின் கழுத்தைச் சற்று விலக்கினாள். உள்ளே சாம்பல் நிறக் காலர் தெரிந்தது.

மண்டபத்தின் வாசலில் யாருடைய கல்யாணத்துக்கோ கட்டிய பிளாஸ்டிக் தோரணம் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே வரிசையாகப் பாய்கள். மேடை இருந்த பக்கம் பெண்கள், வாசல் பக்கம் ஆண்கள், நடுவில் புடவைகளைக் கோத்த திரை. எழுந்து நடக்க முடிந்தவர்கள், முடியாதவர்களைப் பார்த்துக்கொண்டார்கள். ஏழுமலை ஆட்டோவை வெளியே நிறுத்திவிட்டுப் பின்கட்டில் கஞ்சி காய்ச்சப் போனான்.

ரோஸ்லின் மருந்தைக் குறைக்கக் குறைக்க, ஒவ்வொன்றாக எழுந்தது. முதலில் வந்த காய்ச்சலை சுகந்தியால் அடையாளம் காண முடிந்தது. போன ஐப்பசியில் மழையில் தொப்பலாக நனைந்து வேலைக்குப் போனாளே, அதனுடையது. அடுத்து வந்த தொண்டைப்புண் எப்போதையது என்று தெரியவில்லை. பிறகு வலது கை விரல்கள் வீங்கின. தகடு கீறியபோது வலிக்காமல் போனதெல்லாம் இப்போது வலித்தது. முதுகில் ஒரு வலி வந்தது, அது எந்த ஒரு நாளுக்கும் உரியதாக இல்லை. எல்லா நாளுக்கும் சேர்த்து வந்திருந்தது. ஏழுமலை கஞ்சி ஊட்டினான். கண் சரியாகத் தெரியாததால் பாதி அவள் கழுத்தில் வழிந்தது. படுத்துக்கொண்டே குடித்தாள்.

ஒரு மத்தியானம் குளிரில் உடம்பு தூக்கிப் போட்டபோது அழுகையும் வந்தது. வளர்மதிக்காக என்று தெரிந்தது. பக்கத்துப் பாய்க்காரி ஈரத்துணியை மாற்றிப் போட்டாள்.

அன்று சாயங்காலம், திரைக்கு அந்தப் பக்கம் யாரோ காய்ச்சலில் பிதற்றுவது கேட்டது.

"வாழ்த்துகள்மா... ஒரு சின்ன விஷயம்... ஒரு சின்ன விஷயம்..."

சுகந்தி கையூன்றி எழுந்து திரையை விலக்கினாள். பிரசன்னா பாயில் சுருண்டு கிடந்தார். முகத்தில் நாலைந்து நாள் தாடி. சட்டையெல்லாம் வியர்வை.

அவருக்கு நினைவு திரும்ப இரண்டு நாள் ஆயிற்று. கண் திறந்தபோது சுகந்திதான் தண்ணீர் கொடுத்தாள். அவர் அவளை அடையாளம் கண்டு எழுந்து உட்காரப் பார்த்தார்.

"படுங்க சார். நீங்க பர்மனென்ட் இல்லியா?"

"கன்சல்டன்சி மூலமா வந்தவன்மா. வருஷா வருஷம் எனக்கும் பிரேக்."

"அன்னைக்கு இருமினீங்களே."

"பழகிக்கிட்டேன்," என்றார் பிரசன்னா. "இருமாத ஆளு சொன்னா யாரும் கேக்க மாட்டாங்க."

சுகந்திக்குக் கோபம் வரவேண்டும். வந்தது, ஆனால் அதற்கு முன்பாகச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் முதுகு வலித்தது.

"எங்கிட்டச் சொன்னீங்களே, சுத்தமான உடம்போட வான்னு. யார் சார் அந்த விதியைப் போட்டது?"

"தெரியாது. எனக்கும் அதே வார்த்தையைத்தான் சொன்னாங்க. சொன்னவரு பேரு பாலமுருகன். அவரும் போன வருஷம் இங்கதான் படுத்திருந்தாராம். அதோ, அந்தத் தூண் பக்கம்."

"அப்ப பர்மனென்ட்டுன்னு யாருதான் இருக்காங்க?"

"ஊசி வர்றதுக்கு முன்னாடி சேர்ந்தவங்க மட்டும்தான். அவங்க ரிட்டயர் ஆக ஆக, அந்த இடத்தை எடுத்துடறோம்." சற்று நிறுத்திச் சொன்னார். "எடுத்துடறாங்க."

மண்டபத்தில் இருந்தவர்கள் ஒரு மனு போட வேண்டும் என்று முடிவு செய்தது அந்த வாரத்தில்தான். தொடங்கியது சுகந்தி. வளர்மதி செத்ததை முதலில் எழுத வேண்டும் என்றாள். ஒரே மேசையில் ஒரே வேலை செய்கிறவர்களுக்கு இரண்டு விதச் சலுகை இருக்கக் கூடாது, எல்லோரையும் சமமாக நடத்த வேண்டும், இதுதான் கோரிக்கை. அலுவலக மொழியில் அதை எழுதித் தந்தவர் பிரசன்னா. நடுங்கும் கையால் எழுதினாலும், ஓட்டை கண்டுபிடிக்க முடியாதபடி எழுதியிருந்தார். ஓட்டைகள் வைக்கத் தெரிந்தவருக்கு அடைக்கவும் தெரிந்திருந்தது. படுத்திருந்தவர்கள் படுத்தபடியே கையெழுத்துப் போட்டார்கள். ஏழுமலை ஆட்டோவில் கொண்டுபோய்த் தொழிலாளர் துறையில் கொடுத்துவிட்டு வந்தான்.

உடம்பு தேறியதும் சுகந்தி புதிய ஆளாக மறுபடி வேலைக்குச் சேர்ந்தாள். அதே மேசை. பட்டியலில் பெயர் இல்லை. ஏழுமலை சாயங்காலச் சவாரியை நிறுத்திவிட்டான். எதிரே வரும் வண்டியின் விளக்கு இரண்டாகத் தெரிந்தது. மாலை நேரங்களில் மண்டபத்தில் சமைக்கப் போனான். கஞ்சியில் உப்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் கண் வேண்டியதில்லை என்பான்.

பங்குனி வாக்கில் தொழிலாளர் துறையிலிருந்து ஒருவர் வந்து விசாரித்துவிட்டுப் போனார். ஒரே தொழிற்சாலையில் இரண்டு விதமாக நடத்தக் கூடாது, சமமாக்குங்கள் என்று கம்பெனிக்கு உத்தரவு போனது.

ஒரு வெள்ளிக்கிழமை எல்லோரையும் கூடத்துக்கு வரச் சொன்னார்கள். லட்டு கொடுத்தார்கள். திரையில், தொழிலாளர்களின் நியாயமான கோரிக்கையை நிர்வாகம் முழுமையாக ஏற்கிறது என்று வந்தது. கைதட்டல் எழுந்தது. நீலம், சாம்பல் என்ற வேறுபாடு இன்றோடு ஒழிகிறது, இனி எல்லோருக்கும் ஒரே பச்சைக் கோட்டு என்று அடுத்த வரி வந்தது. இன்னும் பலமாகத் தட்டினார்கள். அதற்கு அடுத்த வரி வந்தபோதும் பின்வரிசையில் சிலர் தட்டிக்கொண்டிருந்தார்கள். முன்வரிசையில் படித்து முடித்தவர்கள் நிறுத்திவிட்டிருந்தார்கள். அடுத்த மாதம் முதல் அனைவரும், எந்தப் பாகுபாடும் இன்றி, நோய் ஒத்திவைப்புத் திட்டத்திலும் ஆண்டு பிரேக்கிலும் சேர்க்கப்படுவார்கள்.

சுகந்தி கையில் இருந்த லட்டைக் காகிதத்தில் மடித்துக்கொண்டாள். மண்டபத்தில் எழுதியபோது ஒரு வார்த்தை விட்டுப்போயிருந்தது. எந்தப் பக்கமாகச் சமம் என்று அவர்கள் எழுதவில்லை. பிரசன்னாவுக்கே அது தோன்றவில்லை.

நீலக் கோட்டுக்காரர்கள் அவளோடு பேசுவதை நிறுத்தினார்கள். ஹேமமாலினி மேசையின் அந்தப் பக்கம் தலையைக் குனிந்தபடி தகடுகளைப் பொருத்திக்கொண்டிருந்தாள். ஒரே ஒருமுறை, "நீங்கதானே கேட்டீங்க," என்றாள்.

"இதைக் கேக்கல மேடம்."

"இதுதானே கெடச்சுது."

சுகந்தி அடுத்த தகட்டை எடுத்தாள்.

அடுத்த மாதம் மருத்துவ அறை வாசலில் பச்சைக் கோட்டுகளின் வரிசை நீண்டது. யார் முன்பு என்ன நிறம் என்று பார்த்தவுடன் சொல்லிவிடலாம். பழைய சாம்பல்காரர்கள் கோட்டுக் கையை மடித்துவிட்டுத் தயாராக நின்றார்கள். பழைய நீலக்காரர்கள் தங்கள் புஜத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். சுகந்திக்கு முன்னால் ஹேமமாலினி நின்றாள். அறைக்குள் போகுமுன் திரும்பிப் பார்த்தாள். சுகந்தி கையை நீட்டினாள். ஹேமமாலினி ஒரு கணம் யோசித்துவிட்டு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டே உள்ளே போனாள்.

சாப்பாட்டு நேரத்தில், கேன்டீனில் நீலக் கோட்டுக்காரர்களுக்கென்று இருந்த பக்கத்திலிருந்து ஹேமமாலினி தட்டை எடுத்துக்கொண்டு வந்து சுகந்திக்கு எதிரில் உட்கார்ந்தாள். சோற்றைப் பிசைந்தாள், சாப்பிடவில்லை.

"ஒண்ணுமே தெரியல சுகந்தி. காலையில தலை வலிச்சுக்கிட்டிருந்தது. அது எங்க போச்சுன்னே தெரியல."

"இருக்கும்க்கா. எங்கயும் போயிருக்காது."

மேடம் அக்காவானதை இருவருமே கவனித்தார்கள்.

"பிரேக் வந்தா நீங்கல்லாம் போய்ப் படுப்பீங்களாமே, ஒரு மண்டபம்," என்றாள் ஹேமமாலினி. "அங்க எங்களுக்கும் எடம் கிடைக்குமா?"

"முன்னாடியே சொல்லி வெக்கணும். இந்த வருசம் கூட்டம் ஜாஸ்தியா இருக்கும். உங்க பேரையும் சொல்லிடறேன்."

"எனக்குத் தரையில படுத்து வழக்கமில்ல. கட்டில் ஏதாவது..."

சுகந்தி தன் தட்டிலிருந்த அப்பளத்தை உடைத்துப் பாதியை அவள் தட்டில் வைத்தாள்.

"கட்டிலெல்லாம் கிடையாதுக்கா," என்றாள். "அங்க எல்லாருக்கும் பாய்தான்."